யூரியா மூட்டைக்குள்ள ஒரு சமநிலை

எங்க மொரப்பூர் பக்கம் நெல்லுக்கு யூரியா போடாத வீடு குறைவு. அந்த மூட்டைக்குப் பின்னாடி, ப்ளஸ் ஒன்ல நாம உருப்போட்ட லீ சாட்லியர் இருக்கார்.

யூரியாவுக்கு அம்மோனியா வேணும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும். ஆகிற வேகத்திலேயே உடையவும் ஆரம்பிச்சா, அதான் சமநிலை. அழுத்தம் கூட்டினா அம்மோனியா பக்கம் சாயும். அவர் விதியைச் சொன்னது 1884ல். 1901ல் அவரே செய்து பார்த்தார். காற்று கலந்து கருவி வெடிக்க, விட்டுட்டார்.

1909ல் ஜெயிச்சது ஹேபர். உயர் அழுத்தத்துல உருவான அம்மோனியாவைக் குளிரவச்சுப் பிரிச்சு, மிச்ச வாயுவை மறுபடி சுத்தவிட்டார். 1913ல் ஜெர்மனியில் ஆலை. 1971ல் நம்ம மணலியில்.

சமநிலைன்னா நின்னுபோறது இல்லீங்க. இறைக்கிற கிணறுதானே ஊறும்?