பத்து வேட்பாளர், மூன்று ஆசனம்: யாழ்ப்பாணத்தில் விருப்பு வாக்குப் போட்டியும் வெளிச் சக்திகளும்

2024 ஜனவரி 21 அன்று திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை உறுப்பினர்கள் தங்கள் தலைவரை வாக்குச்சீட்டு மூலம் தெரிவுசெய்தார்கள். சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. மூன்றாவதாக நின்ற சீனித்தம்பி யோகேஸ்வரன் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். 1949 டிசம்பரில் தொடங்கிய கட்சியில் தலைமைப் பதவிக்கு இப்படியொரு போட்டி வாக்கெடுப்பு அதுவரை நடந்ததில்லை. அமெரிக்கக் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதற்கட்டத் தேர்தலோடு இதை அன்றைய பத்திகள் சில ஒப்பிட்டன.

ஒப்பீடு பாதி சரி. யாழ்ப்பாணத்தில் உட்கட்சித் தேர்தல் 1989 முதலே நடந்துவருகிறது. அது தனியாக வேறொரு நாளில் நடப்பதில்லை, பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதியிலேயே நடக்கிறது. அங்கே நடக்கும் அவதூறுப் பிரசாரம் எப்போது, ஏன் உள்ளே திரும்பியது என்பதையும், கட்சிக்கு வெளியே நிற்கும் சக்திகளின் கை அதில் எப்படி உருமாறியது என்பதையும் இக்கட்டுரை தேடுகிறது.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தபோது வேட்பாளர் வரிசையைக் கட்சியே தீர்மானிக்கும் என்றுதான் இருந்தது. அந்த வடிவில் ஒரு பொதுத்தேர்தலும் நடக்கவில்லை. 1988 இல் வந்த 14ஆவது திருத்தம் வரிசைப்படுத்தும் அதிகாரத்தை வாக்காளரிடம் கொடுத்தது. முதலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி, பிறகு அக்கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனமோ, அதைவிட மூன்று பேரைக் கூடுதலாக ஒவ்வொரு கட்சியும் நிறுத்த வேண்டும். ஆக, எல்லா ஆசனத்தையும் ஒரே கட்சி வென்றாலும் மூவர் தோற்கவேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி நிர்வாக மாவட்டமும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் வருகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். குடாநாட்டில் சிதறும் விருப்பு வாக்குகள் பரந்தனுக்கு அப்பால் ஒருவருக்கே குவிந்தால் பட்டியல் தலைகீழாகிவிடும்.

1952 இல் காங்கேசன்துறையில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றபோதும், 1970 இல் வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கம் தமிழ்க் காங்கிரஸின் ஆ. தியாகராஜாவிடம் தோற்றபோதும் மேடையில் ஏசிக்கொண்டவை இரு வேறு கட்சிகள். தொகுதிக்கு ஒருவர் என்றிருந்த காலத்தில் உட்பகை வேட்புமனு நாளோடு ஓய்ந்துவிடும், அல்லது தோற்றவர் வெளியேறித் தனியே கேட்பார். விருப்பு வாக்கு வந்தபின் அந்தப் பகை வாக்களிக்கும் நாள்வரை நீடிக்கத் தொடங்கியது.

ஆனால் உடனே தொடங்கவில்லை. 1989 பெப்ரவரியில் இந்திய அமைதிப்படையின் காவலில் நடந்த தேர்தலில் யாழ்ப்பாணத்தின் 11 ஆசனங்களில் 8 ஐ ஈரோஸ் ஆதரவுச் சுயேச்சைக் குழு பெற்றது. 1994 இல் வாக்களித்தவர் தொகை மூன்று வீதத்தைக்கூடத் தொடவில்லை. 10 ஆசனங்களில் 9 ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழுவுக்குப் போயின. இப்படிப்பட்ட தேர்தல்களில் இலக்கச் சண்டைக்கு இடமேது?

வெளிச் சக்தியின் முதல் வடிவத்தை 2004 இல் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். 2001 ஒக்டோபரில் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவ்வாண்டு உதயசூரியன் சின்னத்தில் போட்டியிட்டது. விடுதலைப் புலிகளே தமிழரின் ஏக பிரதிநிதிகள் என்பதைப் பின்னர் ஏற்க தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் வீ. ஆனந்தசங்கரி மறுத்தார். வழக்கு, சின்னம் முடங்கல், கடைசியில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம். சுயேச்சைக் குழுவில் நின்ற ஆனந்தசங்கரி மீது துரோகிப் பட்டம் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. வீட்டுச் சின்னப் பட்டியலில் யார் இருப்பது என்பதில் வன்னியிலிருந்த புலிகளின் சொல்லே இறுதியானது. 9 இல் 8 ஆசனங்கள். விருப்பு வாக்கில் முதல் இரு இடங்களும் பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வுகள் வழியாக அறியப்பட்ட புதுமுகங்களான செல்வராசா கஜேந்திரனுக்கும் பத்மினி சிதம்பரநாதனுக்கும் போயின. கஜேந்திரன் ஒரு இலட்சத்துக்கு மேல் பெற்றார்; நாற்பது வருட அரசியல்காரர்கள் அவருக்குக் கீழே நின்றார்கள். அந்தத் தேர்தலில் வடகிழக்கில் மாற்றுக் கட்சிகளுக்குப் பிரசார வெளி இருக்கவில்லை என்பதை ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் கடுமையாகவே எழுதினார்கள். என்றாலும் பட்டியலுக்குள் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்தியதாகப் பெரிய முறைப்பாடு இல்லை. பன்னிருவரில் எண்மர் வென்ற களம் அது, நடுவரோ துப்பாக்கியோடு வெளியே நின்றார்.

2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த நடுவர் இல்லை. 2010 இல் கஜேந்திரனுக்கும் பத்மினிக்கும் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தோடு வெளியேறி தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியை அமைத்தார்கள். அதுமுதல் கூட்டமைப்பை நோக்கிய வசை வெளியிலிருந்தும் வந்தது, உள்ளே இருந்தவர்களும் அதே சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

2013 வடமாகாண சபைத் தேர்தலைச் சற்று நின்று பார்க்கவேண்டும். வாக்களிப்பு செப்டெம்பர் 21. அன்று காலையில் குடாநாட்டில் 'உதயன்' நாளிதழ் போலவே ஒரு தாள் கைக்குக் கை போனது. அதே முகப்பு, அதே எழுத்து. கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பது செய்தி. முற்றாகப் பொய். முதல்நாள் அவருடைய வீடு தாக்கப்பட்டிருந்தது. விடிந்தபோது அவருடைய பெயர் தாக்கப்பட்டது. பிரசாரம் சட்டப்படி ஓய்ந்துவிட்ட வேளை அது, மறுப்பை அச்சேற்றி ஊர்களுக்கு அனுப்ப நேரமும் இல்லை. நேரத்தைத் தேர்ந்தவர் தொழில் தெரிந்தவர். மக்கள் நம்பினார்களா? அனந்திக்கு 87,870 விருப்பு வாக்குகள் விழுந்தன. 132,255 பெற்ற சி.வி. விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம். இங்கே குறிக்கவேண்டியது இன்னொன்று: கூட்டமைப்பு யாழ்ப்பாணத்தில் நிறுத்திய 19 பேரில் 14 பேர் வென்றார்கள். அந்தத் தேர்தலின் பெரிய அவதூறு பட்டியலுக்கு வெளியே இருந்து வந்தது. உள்ளிருந்து வரத் தேவை இருக்கவில்லை.

2015 இல் மாவட்டத்தின் ஆசனங்கள் 7 ஆகக் குறைந்தன. கூட்டமைப்பில் பத்துப் பேர் நின்றார்கள், ஐவர் வென்றார்கள். ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் சுரேஷ் பிரேமச்சந்திரன் தோற்றார். கூட்டமைப்பின் பெயரில் முதலமைச்சரான விக்னேஸ்வரன் நடுநிலை என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுக்கமே ஒரு பிரசாரம்தான் என்பது என் கணிப்பு.

2020 இல் கணக்கு இன்னும் இறுகியது. பத்துப் பேர், மூன்று ஆசனம். மே மாதம் சிங்கள நேர்காணல் ஒன்றில் ஆயுதப் போராட்டத்தைத் தான் ஏற்கவில்லை என்று சுமந்திரன் சொன்னது பெரும் புயலானது. எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்களில் சொந்தக் கட்சிக்காரரும் கூட்டணிக் கட்சிக்காரரும் இருந்தார்கள். இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ் நகரங்களின் தமிழ் வானொலிகளும் யூடியூப் அலைவரிசைகளும் முகநூல் பக்கங்களும் நாள் தவறாமல் அதைப் பேசின. வீடு வீடாகப் போனவர்களின் பேச்சும் மாறியது. "வீட்டுக்குப் போடுங்கோ, ஆனா அந்த இலக்கத்துக்கு மட்டும் போடாதேங்கோ" என்பது அவ்வாண்டின் கேட்டுப்பழகிய வாசகம். கட்சிக்குச் சேதமில்லாமல் கட்சிக்காரனை வீழ்த்த விருப்பு வாக்கு முறை கொடுக்கும் வசதி இதுதான்.

ஓகஸ்ட் 6 இரவு யாழ். மத்திய கல்லூரி வாக்கெண்ணும் நிலையத்தில் அது வெடித்தது. 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட நடராஜா ரவிராஜின் துணைவியார் சசிகலா வென்றுவிட்டார் என்ற பேச்சு மாலையில் பரவியது. அறிவிப்பு தாமதமாக, வாக்குகள் மாற்றப்பட்டதாக ஆதரவாளர்கள் கூச்சலிட்டார்கள். விசேட அதிரடிப்படை கூட்டத்தைக் கலைத்தது. முடிவு மாறவில்லை: சிறீதரன், சுமந்திரன், சித்தார்த்தன். மூன்றாமவருக்கும் சசிகலாவுக்கும் இடையே ஆயிரம் வாக்குகூட இல்லை. கட்சித் தலைவர் மாவை சேனாதிராஜாவே தோற்றிருந்தார்.

தேர்தல் முறைகளைத் தரவரிசைப்படுத்தி ஜோன் கேரியும் மத்தியூ சுகார்ட்டும் 1995 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஒரே கட்சிக்காரர் தம்முள் போட்டியிடும் முறைகளில், மாவட்டத்தின் ஆசனத்தொகை கூடக்கூட வேட்பாளரின் தனிப்பட்ட பெயரின் மதிப்பும் கூடும் என்பது அவர்கள் வாதம். யாழ்ப்பாணம் அதற்கு எளிதில் அடங்கவில்லை. இங்கே ஆசனங்கள் 11 இலிருந்து 6 ஆகக் குறைந்தன, உட்சண்டையோ ஏறியது. மாவட்டத்தின் ஆசனத்தொகையைவிட, கட்சிக்குக் கிடைக்கக்கூடிய ஆசனத்துக்கும் நிற்பவர் தொகைக்கும் உள்ள இடைவெளியே இங்கு கூடுதலாக விளக்குகிறது: 2004 இல் பன்னிருவருக்கு எட்டு, 2015 இல் பதின்மருக்கு ஐந்து, 2020 இல் பதின்மருக்கு மூன்று. கட்சி மாவட்டத்தில் பெற்ற வாக்கு 2015 இல் 207,577. 2020 இல் 112,967. சண்டையால் வாக்கு சரிந்ததா, சரிவால் சண்டை மூண்டதா என்று கேட்டால், இரண்டாவதே முந்தியது என்பேன். பிறகு ஒன்றை ஒன்று தின்றன.

இந்தப் பின்னணியில்தான் 2024 திருகோணமலை வாக்கெடுப்பைப் பார்க்கவேண்டும். 2020 இல் ஒரே பக்கம் நின்ற இருவர் இப்போது எதிரெதிரே. வாக்குரிமை பொதுச்சபைக்கு மட்டும், ஆனால் பேச்சு உலகம் முழுவதும். வாக்கில்லாதவர்களே கூடுதலாகப் பேசினார்கள். முடிவு வந்த பிறகும் ஓயவில்லை: பொதுச் செயலாளர் தெரிவில் தகராறு, மாநாடு பின்போடல், பெப்ரவரியில் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. வென்ற தலைவர் பதவியேற்க முடியவில்லை.

செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. சிவில் அமைப்புகளும் சில கட்சிகளும் சேர்ந்த தமிழ்த் தேசியப் பொதுக்கட்டமைப்பு, தமிழரசுக் கட்சிக்காரரான பா. அரியநேத்திரனைப் பொதுவேட்பாளராக்கியது. கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. சிறீதரன் அரியநேத்திரனுக்காக நின்றார். யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. வெளி அமைப்பு ஒன்று கட்சியின் உறுப்பினரைக் கொண்டே கட்சியின் முடிவுக்கு எதிராக வாக்குக் கேட்டு, அதற்குக் கிட்டத்தட்டச் சரிநிகர் பலனும் பெற்றது. இந்த மூன்று தசாப்த வரலாற்றில் இதற்கு ஒப்பான வேறொன்று இல்லை. நவம்பர் 14 பொதுத்தேர்தலில் கட்சி ஒன்பது பேரை நிறுத்தி ஓர் ஆசனம் பெற்றது. வாக்கு 63,327. சிறீதரன் மட்டும் வென்றார், சுமந்திரன் தோற்றார், 80,830 வாக்குகளோடு தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்தது.

அமெரிக்காவில் தேர்தல் செலவு பற்றிய 2010 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் முதற்கட்டத் தேர்தல்களில் பணம் கொட்டும் வெளிக்குழுக்கள் குறைந்தபட்சம் பதிவுசெய்து கணக்குக் காட்டுகின்றன. இலங்கையில் 2023 இன் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வெளிநாட்டு அரசிடமிருந்தும் வெளிநாட்டில் பதிவான நிறுவனத்திடமிருந்தும் வேட்பாளர் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. ரொறன்ரோவில் ஒருவர் தன் செலவில் யாழ்ப்பாண வேட்பாளரை நாள்முழுதும் ஏசினால் அது யாருடைய செலவு? வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியால அமைதிக் காலமும் அவரைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தில் இந்த ஓட்டையை அடைக்க வழி குறைவு. கட்சிகள் தம் வேட்பாளரிடம், சக வேட்பாளரை ஏசும் வெளி அலைவரிசையில் தோன்றமாட்டேன் என்று வேட்புமனு நாளில் எழுதி வாங்கலாம்.

விருப்பு வாக்கில்லாத களமும் இருக்கிறது. வட்டார முறையில் நடக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே கட்சிக்காரர் இருவர் ஒரே வாக்காளரிடம் இலக்கம் கேட்பதில்லை. 2025 மே 6 அன்று நடந்த அந்தத் தேர்தலில், ஆறு மாதங்களுக்கு முன் ஓர் ஆசனத்தோடு நின்ற தமிழரசுக் கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, முறையும் ஒரு காரணம். பாராளுமன்றத் தேர்தலுக்கு 1988 இன் விருப்பு வாக்கு முறைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.