467 கிணறுகள்: திண்டுக்கல் தோல் பதனிடுதலும் 1996 தீர்ப்பின் இரு தலைப்புகளும்

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் செல்லும் வழியில் அமைந்த ரெட்டியார்சத்திரம் ஒன்றியம் இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது அதன் கிணறுகளால். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.08.1996 அன்று அளித்த தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் தன்னார்வ அமைப்பு ஒன்று நடத்திய கணக்கெடுப்பை எடுத்தாள்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்தவை என்பது அதன் முடிவு. (இணையத்தில் கிடைக்கும் தீர்ப்புப் படிகளில் ஊர்ப்பெயர் 'பெட்டியார் சத்திரம்' எனப் பிழைபட்டிருப்பதால் தேடுவோர் இதனைத் தவறவிட வாய்ப்புண்டு.)

ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலத்திலும் கழிவுநீர் இருந்தது. ஆனால் 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலைவிட முழுமை பெற்ற தோலின் ஏற்றுமதியை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தபின் குரோமியப் பதனிடல் பெருகியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று மனுவில் கூறப்பட்டது. பொதுவாகப் பேசப்படுவது குரோமியமே எனினும், கிணற்றை உவர்ப்பாக்கியதில் உப்பின் பங்கே பெரிது. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவப்படும் சோற்றுப்பு முதல் ஊறலிலேயே கரைந்து வெளியேறுகிறது. குரோமியத்தைக் கசடாகப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பை வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் நீக்குவதில்லை.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டை இரு தலைப்புகளில் கணக்கிட அதிகார அமைப்பு ஒன்றை நிறுவவும் ஆணையிட்டது: தனிமனிதருக்குரியது ஒன்று, சூழலை மீட்பதற்குரியது மற்றொன்று. தீர்ப்பைப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் தலைப்போடு நின்றுவிடுகின்றன. நிலமிழந்தவருக்குத் தொகை வழங்குவது கணக்கிடக்கூடிய செயல். நீரை மீட்பது அவ்வாறன்று.

திண்டுக்கல் பகுதி கடும்பாறைப் பகுதி. சிதைவடைந்த மேல்மண்டலத்திலும் பாறைப் பிளவுகளிலும் தங்கிய நீரே கிணற்றுக்கு ஊறுகிறது. அங்கே தேங்கிய உப்பு மழையால் மெல்லவே நீர்த்துப்போகும். மேல் கொடகனாறு வடிநிலத்தில், சுமார் 80 தோல் பதனிடும் ஆலைகள் இயங்கிய சூழலில், ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் உருவாக்கிய கணினி மாதிரி இதனை உறுதிசெய்கிறது. கழிவின் அளவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகளில் நிலத்தடி நீரின் கரைதிட அளவு பாதியாகக் குறையாது.

மேலே கொடைக்கானலில், 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரச மண்ணுக்கு ஒரு வேலியும் ஓர் உரிமையாளரும் இருந்ததால், கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற தூய்மை அளவு போதுமா என்றாவது வாதிட முடிந்தது. கீழேயுள்ள கிணறுகளுக்கு வேலியில்லை. எந்த ஆலையின் உப்பு எந்தக் கிணற்றில் என்று பிரிப்பதும் அரிது. ஆகவே சூழல் மீட்புச் செலவை எவர்மீது எவ்வளவு சுமத்துவது என்ற கேள்வி, அங்கு எழுந்த அளவுக்கு இங்கு எழவில்லை.

மாசடைந்த 350 கிணறுகளின் ஊர்வாரிப் பட்டியல் தீர்ப்பில் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. அவற்றை மீண்டும் அளக்க முனைபவர் முதலில் அந்தப் பட்டியலைத் தேடியாக வேண்டும்.