எருக்கலம்பிட்டி: நோயாளியைத் தூக்கியது யார்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியில் ஊரே வெறுமையானது. சனம் படகேறிக் கற்பிட்டிக்குப் போனது. பிறகு புத்தளம் மாவட்டத்து முகாம்களில் ஓலைக் கொட்டில். இவ்வளவும் எங்களில் பலருக்குத் தெரியும்.

பேசப்படாதது, நடக்க ஏலாதவர்களின் கதை. பாரிசவாதத்தில் விழுந்தவர்கள், கண் தெரியாத முதியவர்கள், தினமும் மருந்து எடுக்கிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களை யாரோ தூக்கித்தான் படகில் ஏற்றியிருக்க வேண்டும். அந்த 'யாரோ'வுக்கு வரலாற்றில் இடமில்லை.

வெளியேற்றம் காணியையும் நகையையும் மட்டும் பறிக்கவில்லை. கலியாணம் முடித்தும் மகள் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உண்டு. உம்மா படுத்தால் மகள்மார் முறைவைத்துப் பார்ப்பார்கள், சாச்சி கஞ்சி கொண்டுவருவார், பக்கத்து வீட்டார் இரவு கண்விழிப்பார்கள். யாரும் எழுதிவைக்காத பராமரிப்புத் திட்டம் அது. முகாம்கள் அதைப் பிரித்துப் போட்டன.

2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். தொழில், பிள்ளைகளின் படிப்பு என்று பலர் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள். வாப்பா ஊரில், மகன் புத்தளத்தில் என்று குடும்பங்கள் இரண்டாகிப் போயின. சீனி, பிறசர், சிறுநீரக வருத்தம் எல்லாம் வருடக்கணக்கில் நீளும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, காத்திருப்பது, இரவில் எழும்புவது எல்லாம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், 2018இல் இறக்கும்வரை, வெளியேற்றத்தையும் அதன் இழப்புகளையும் ஆவணப்படுத்தப் பாடுபட்டவர். எழுதிவைக்காத இழப்பைக் கேட்டு வாங்க முடியாது என்பதை அவருடைய வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். பராமரிப்பு வேலைக்கும் அது பொருந்தும்.

ஆகவே ஒரு கொப்பி போடுவோம்; பிரதி ஒன்று மற்ற வீட்டிலும் இருக்கட்டும். என்ன வருத்தம், எந்த மருந்து எத்தனை மணிக்கு, ஒத்துக்கொள்ளாத மருந்து எது, அடுத்த கிளினிக் எப்போது, என்ன கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், வாகனத்துக்குக் காசு யார். நோயாளியின் விருப்பத்தையும் அவரிடமே கேட்டு எழுதுவோம். வெள்ளமோ புயலோ வந்தால் தூக்கிக்கொண்டு போக, கிளினிக் கொப்பியும் சில நாள் மருந்தும் ஒரே பையில் இருக்கட்டும்.

முக்கியமான வரி இன்னொன்று: பார்க்கிறவருக்கு எந்த நாள் ஓய்வு, அன்றைக்கு யார் பார்ப்பது? கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்தவரையே பயிற்றித் தொண்டர்களாக்கியது. வாரத்தில் சில மணிநேரம் கொடுத்தவர்களால்தான் அது வளர்ந்தது. பள்ளிவாசல், இளைஞர் கழகம் என்று ஆள்பலம் நம்மிடமும் இருக்கிறது.

அந்த வரியில் ராத்தாவின் பெயர் மட்டும் இருந்தால், அது திட்டமில்லை. தம்பிமாரின் பெயரும் அதில் வரவேண்டும்.