பாதுகாப்புச் சவரக்கத்தி

பாதுகாப்புச் சவரக்கத்தி என்பது, அலகின் கூரிய விளிம்பு மட்டும் சிறிதளவு வெளியே தெரியும் வகையில், அதன் ஏனைய பகுதியைக் காப்பு ஒன்றினால் மறைத்து அமைக்கப்பட்ட மழிப்புக் கருவி ஆகும். அலகு தோலைத் தொடும் கோணத்தையும் விளிம்பு வெளியே நீண்டிருக்கும் அளவையும் இக்காப்பு கட்டுப்படுத்துவதனால், ஆழமான வெட்டுக்காயம் ஏற்படும் வாய்ப்புக் குறைகின்றது. தூரிகை, சவர்க்காரம், நீர் ஆகியவற்றுடன் சேர்த்து இக்கருவியைப் பயன்படுத்தி முகம் மழிக்கும் முறை ஈரமுறை மழிப்பு எனப்படுகின்றது. மின்சவரக்கருவி கொண்டு நீரின்றி மழிப்பது உலர்முறை ஆகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இக்கருவி, முடிதிருத்துநரை நாடாமல் ஒருவர் தமக்குத் தாமே நாள்தோறும் மழித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பொதுவாக்கியது. இதன் இரட்டை விளிம்பு அலகு, காலப்போக்கில் எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமை இல்லாத பொது அளவாக ஆகிவிட்டது. இதனால் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கைப்பிடியிலும் இன்று கடையில் வாங்கும் அலகைப் பொருத்த முடிகின்றது.

சொற்பயன்பாடு

சவரம் என்னும் சொல் வடமொழியின் க்ஷௌரம் என்பதிலிருந்து வந்தது. மழித்தல் என்பது திருக்குறளிலும் காணப்படும் பழந்தமிழ்ச் சொல் ஆகும். பேச்சு வழக்கில் கருவியை ரேசர் என்றும் அலகை பிளேடு என்றும் அழைப்பர். தமிழ்நாட்டில், கேட்பவர் சலிப்படையும்படி நீளப் பேசுவதை "பிளேடு போடுதல்" எனக் குறிப்பிடும் வழக்கும் உண்டு.

வரலாறு

திறந்த கத்தி

பாதுகாப்புச் சவரக்கத்திக்கு முன் பயன்பாட்டில் இருந்தது, கைப்பிடிக்குள் மடங்கும் நீண்ட திறந்த கத்தி ஆகும். இதனைக் கையாளத் தேர்ச்சி வேண்டும். மழிப்பதற்கு முன் தோல்வாரில் தீட்டுவதும், அவ்வப்போது சாணைக்கல்லில் கூர்மைப்படுத்துவதும் இன்றியமையாதவை. இக்காரணங்களால் ஆண்கள் பலர் முடிதிருத்துநரையே நம்பியிருந்தனர்.

முதல் முயற்சிகள்

பிரான்சைச் சேர்ந்த கத்தி செய்வோரான சான் சாக் பெரே என்பவர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், திறந்த கத்தியின் அலகைச் சுற்றி மரக்காப்பு ஒன்றைப் பொருத்தினார். தாமே மழித்துக்கொள்ளும் கலையைக் கற்பிக்கும் நூல் ஒன்றையும் அவர் எழுதினார். 1847இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் சாமுவேல் என்சன், அலகு கைப்பிடிக்குச் செங்குத்தாக அமைந்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பார்வைக்கு மண்வெட்டியை ஒத்த இவ்வடிவமே இன்றைய கருவிகளின் அடிப்படை ஆகும். என்சன், நீராவியால் இயங்கும் வானூர்தி ஒன்றை வடிவமைக்க முயன்றவராகவும் அறியப்படுகின்றார்.

1880இல் நியூயோர்க்கைச் சேர்ந்த காம்ஃபி சகோதரர்கள், அலகின் ஒரு விளிம்பில் கம்பிக்காப்பு அமைந்த கருவிக்குக் காப்புரிமை கோரினர். "ஸ்டார்" என்ற பெயரில் விற்கப்பட்ட இது வணிக வெற்றி பெற்றது. எனினும் அதன் அலகு ஆப்பு வடிவில் தடிப்பாக இருந்தமையால், அதனைத் தொடர்ந்து தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. காயம் பற்றிய அச்சம் குறைந்ததேயன்றிப் பராமரிப்பு வேலை குறையவில்லை.

கிங் கேம்ப் ஜில்லெட்

இரண்டாவது சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட் (1855 - 1932) ஆவார். விற்பனையாளரான இவர், புட்டிகளை மூடும் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் பணியாற்றினார். ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படும் பொருளை உருவாக்கினால் வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருவார் என்பது பெயின்டர் அவருக்குக் கூறிய அறிவுரை ஆகும். 1895இல், மழுங்கியிருந்த தம் கத்தியைக் கண்டபோது ஜில்லெட்டுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மழிப்பதற்குத் தேவைப்படுவது விளிம்பு மட்டுமே. ஆகவே மெல்லிய எஃகுத் தகட்டின் இரு பக்கங்களையும் கூராக்கி, மழுங்கியதும் எறிந்துவிடலாம் என அவர் கருதினார்.

அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினப்படுத்திக் கூராக்க இயலாது என வல்லுநர்கள் கூறினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியியலாளர் வில்லியம் எமெரி நிக்கர்சன், அதற்குரிய எந்திரங்களையும் செய்முறையையும் உருவாக்கினார். 1901இல் பாஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1903இல் விற்பனையானவை 51 கருவிகளும் 168 அலகுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டில் விற்பனையான கருவிகளின் எண்ணிக்கை 90,000ஐத் தாண்டியது. 1904 நவம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது.

ஜில்லெட், போட்டி வணிகத்தைக் கடுமையாக எதிர்த்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1894இல் அவர் வெளியிட்ட நூலில், எல்லா உற்பத்தியையும் ஒரே நிறுவனம் மேற்கொள்ளும் சமுதாயம் ஒன்றை அவர் கற்பனை செய்திருந்தார்.

முதல் உலகப் போர்

1917இல் ஐக்கிய அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய பின்னர், அதன் படைவீரர்களுக்கு மழிப்புக் கருவிகள் வழங்கப்பட்டன. நச்சுவாயுத் தாக்குதலின்போது முகமூடி தோலுடன் இடைவெளியின்றிப் பொருந்துவதற்கு மழித்த முகம் உதவியது. சுமார் 35 இலட்சம் கருவிகளும் 3 கோடிக்கும் மேற்பட்ட அலகுகளும் அரசினால் வாங்கப்பட்டன. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் பதுங்குகுழியில் பழகிய முறையைத் தொடர்ந்தனர்.

காப்புரிமையின் முடிவும் பொது அளவும்

கைப்பிடியை மலிவாகக் கொடுத்து அலகில் ஈட்டும் வணிக உத்தியை ஜில்லெட் தொடக்கத்திலேயே கையாண்டார் எனப் பலரும் கருதுகின்றனர். ஆயினும், காப்புரிமை நடைமுறையில் இருந்த காலம் முழுவதும் கருவி 5 டாலருக்கு விற்கப்பட்டது. அக்காலத்தில் இது தொழிலாளி ஒருவரின் பல நாள் ஊதியத்துக்குச் சமமாகும். அடிப்படைக் காப்புரிமை 1921இல் முடிவுற்ற பின்னரே பழைய வகைக் கருவியின் விலை 1 டாலராகக் குறைக்கப்பட்டது. பிற நிறுவனங்கள் அதே அளவில் அலகுகளைச் செய்யத் தொடங்கியமையே இதற்குக் காரணம் ஆகும்.

தொடக்ககால அலகில் மூன்று வட்டத் துளைகள் இருந்தன. என்றி கைஸ்மன் என்பவரின் ஆட்டோஸ்ட்ராப் நிறுவனம், தன் கருவிக்கும் ஜில்லெட் கருவிக்கும் பொருந்தும் அலகு ஒன்றை வெளியிட்டது. இதனால் எழுந்த காப்புரிமைப் பிணக்கு, 1930இல் இரு நிறுவனங்களும் இணைந்ததுடன் முடிவுக்கு வந்தது. இன்றைய அலகின் நடுவே காணப்படும் நீண்ட பிளவு அக்காலத்தில் நிலைபெற்றதாகும். அதன்பின் துருக்கி, எகிப்து, ஜப்பான், இந்தியா எனப் பல நாடுகளின் தொழிற்சாலைகள் ஒரே அளவிலான அலகுகளைச் செய்தன.

அமைப்பு

பரவலாகக் காணப்படும் வகை மூன்று பகுதிகளைக் கொண்டது. அவை மேல்தட்டு, அலகைத் தாங்கும் அடித்தட்டு, திருகுடன் கூடிய கைப்பிடி என்பனவாகும். நேரான அலகு, இரு தட்டுகளுக்கும் இடையில் இறுக்கப்படும்போது சற்று வளைகின்றது. இவ்வளைவு மெல்லிய அலகுக்கு விறைப்பைத் தருவதுடன் அது அதிர்வதையும் குறைக்கின்றது. கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருப்பினால் மேல்தட்டு இரு கதவுகளாகத் திறக்கும் வகையும் உண்டு. விளிம்பின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வகைகளும் உள்ளன. அடித்தட்டின் விளிம்பு சீப்புப் பற்களைப் போல் இருப்பின் திறந்த சீப்பு வகை என்றும், தொடர்ச்சியாக இருப்பின் மூடிய சட்ட வகை என்றும் பெயர் பெறும்.

அலகு

இரட்டை விளிம்பு அலகு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளமும், 22 மில்லிமீட்டர் அகலமும், 0.1 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது. முன்னர் பயன்பட்ட கரிம எஃகு அலகுகள் ஈரத்தில் விரைவில் துருப்பிடித்தன. 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் வில்கின்சன் சுவோர்ட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகு அலகுகளை வெளியிட்டு வெற்றி கண்டது. பிற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. உராய்வைக் குறைப்பதற்காக விளிம்பின்மீது குரோமியம், பிளாட்டினம், டெஃப்லான் முதலிய மென்பூச்சுகள் இடப்படுகின்றன.

எஃகைவிடப் பன்மடங்கு மென்மையான முடி எவ்வாறு அலகை மழுக்குகின்றது என்பது நீண்டகாலக் கேள்வியாக இருந்தது. தேய்மானமே காரணம் எனப் பொதுவாகக் கருதப்பட்டது. 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. முடி வளைந்து சாய்வான கோணத்தில் அலகைத் தொடும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீரற்று உள்ள இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன.

தூரிகை

சவரத் தூரிகை மூன்று வேலைகளைச் செய்கின்றது. நீரைத் தேக்கி வைக்கின்றது, சவர்க்காரத்தை நுரையாக்குகின்றது, படிந்திருக்கும் முடிகளைத் தூக்கி நிறுத்துகின்றது. பேட்ஜர் எனும் விலங்கின் மயிர் நீரை நன்கு தேக்குவதால் விலை உயர்ந்த தூரிகைகளில் பயன்படுகின்றது. பன்றிமயிர் விறைப்பானது, மலிவானது. குதிரைமயிர்த் தூரிகைகளும் செயற்கை இழைத் தூரிகைகளும் உள்ளன. செயற்கை இழை விரைவில் உலரும்.

முதல் உலகப் போர்க்காலத்தில், சரியாகத் தூய்மை செய்யப்படாத குதிரைமயிர்த் தூரிகைகளின் வழியாக, அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோய் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொற்றியது. சிலர் உயிரிழந்தனர். இந்நோயின் நுண்வித்துகள் மயிரில் நெடுங்காலம் அழியாமல் இருக்கக்கூடியவை. மழிக்கும்போது ஏற்பட்ட சிறு கீறல்கள் அவற்றுக்கு வழியாக அமைந்தன. 1920இல் பிரித்தானியா ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது.

சவர்க்காரம்

சவரச் சவர்க்காரம் குளியல் சோப்பிலிருந்து வேறுபட்டது. கொழுப்பமிலங்களைச் சோடியம் ஐதராக்சைடுடன் மட்டும் சேர்த்தால் கடினமான கட்டி கிடைக்கும். பொட்டாசியம் ஐதராக்சைடையும் பயன்படுத்தும்போது நீரில் எளிதில் கரையும் மென்மையான சவர்க்காரம் உருவாகின்றது. இதில் மிகுதியாகச் சேர்க்கப்படும் ஸ்டியரிக் அமிலம் நுரை விரைவில் அடங்காமல் காக்கின்றது. கிளிசரின் ஈரத்தைத் தக்கவைக்கின்றது. கட்டி, குழைவு எனப் பல வடிவங்களில் இது கிடைக்கின்றது.

மழிக்கும் முறை

முடி கெரட்டின் எனும் புரதத்தால் ஆனது. வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் ஊறும்போது அது நீரை உறிஞ்சி மென்மையாகின்றது. அதனை வெட்டத் தேவைப்படும் விசையும் குறைகின்றது. எனவே குளித்த பின்னரோ, முகத்தை நன்கு நனைத்த பின்னரோ மழிப்பது நன்று.

1. ஈரத் தூரிகையைச் சவர்க்காரத்தின்மீது சுழற்றி, முகத்திலோ கிண்ணத்திலோ நுரையாக்க வேண்டும். குமிழிகள் பெரிதாக இருந்தால் நுரை போதிய அளவு குழையவில்லை எனக் கொள்ளலாம்.
2. கைப்பிடி தோலுடன் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் அமையுமாறு கருவியைப் பிடிக்க வேண்டும்.
3. அழுத்தாமல், கருவியின் எடையே அலகை நகர்த்துமாறு சிறு சிறு வீச்சுகளாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது.
4. முதலில் முடி வளரும் திசையில் மழிக்க வேண்டும். மேலும் மழமழப்பு வேண்டுமாயின், மீண்டும் நுரை பூசிக் குறுக்காகவும், அதன்பின் எதிர்த்திசையிலும் மழிக்கலாம்.
5. குளிர்ந்த நீரால் கழுவியபின் படிகாரக் கட்டியைத் தடவினால் சிறு கீறல்களில் குருதிக்கசிவு நிற்கும்.

கழுத்துப் பகுதியில் முடி பல திசைகளில் வளர்வதால், வளரும் திசையை விரலால் தடவி அறிதல் வேண்டும். சுருள்முடி உடையோர் மிக நெருக்கமாக மழித்தால், வெட்டுண்ட முடி வளைந்து தோலினுள் வளர்ந்து கட்டிகளை உண்டாக்கக்கூடும். இத்தகையோர் எதிர்த்திசையில் மழிப்பதைத் தவிர்ப்பது நன்று.

அலகுப்பொதிகள்

1971இல் ஜில்லெட் நிறுவனம் இரு அலகுகளைக் கொண்ட, கழற்றி மாட்டக்கூடிய அலகுப்பொதியை வெளியிட்டது. 1975இல் பிக் நிறுவனம் முழுமையாக எறிந்துவிடும் நெகிழிக் கருவியை அறிமுகப்படுத்தியது. 1998இல் மூன்று அலகுகளும் 2006இல் ஐந்து அலகுகளும் கொண்ட ஜில்லெட் பொதிகள் வந்தன. இவற்றைக் கையாள்வது எளிது. கோணத்தைப் பற்றிய கவலையும் குறைவு. ஆனால் பொதியை இணைக்கும் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதுடன், காப்புரிமையாலும் காக்கப்படுகின்றது. ஆகவே குறிப்பிட்ட கைப்பிடியை வாங்கியவர் அதற்குரிய பொதியையே தொடர்ந்து வாங்க நேர்கின்றது. இதனால் ஏற்படும் செலவும் நெகிழிக் கழிவும், 21ஆம் நூற்றாண்டில் இரட்டை விளிம்பு அலகின்மீது மீண்டும் ஆர்வம் எழுந்தமைக்கான காரணங்களுள் அடங்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் இரட்டை விளிம்பு அலகின் பயன்பாடு நின்றுபோகவில்லை. மல்கோத்ரா குடும்பத்தினரின் நிறுவனங்கள் டோபாஸ், சூப்பர்மேக்ஸ் முதலிய பெயர்களில் அலகுகளை உற்பத்தி செய்து ஏற்றுமதியும் செய்தன. அலகுகள் சிறு கடைகளிலும் ஒன்றிரண்டாகக் கிடைப்பதனால், பென்சில் சீவுதல், நூல் அறுத்தல் போன்ற பிற வேலைகளுக்கும் பயன்படுகின்றன.

தமிழ்நாட்டின் முடிதிருத்தகங்களில் முன்பு தீட்டிப் பயன்படுத்தும் கத்திகள் இருந்தன. ஒரே கத்தியைப் பலருக்கும் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகிய தொற்றுகள் பரவக்கூடும் என்ற விழிப்புணர்வு ஏற்பட்ட பின்னர், இரட்டை விளிம்பு அலகை நெடுக்காக இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தி வடிவப் பிடியில் செருகிப் பயன்படுத்தும் முறை பரவியது. ஒருவருக்குப் பயன்படுத்திய அலகு பின்னர் எறியப்பட வேண்டும். புதிய அலகு தம் கண்முன் பிரிக்கப்படுவதை வாடிக்கையாளர் உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

பாதுகாப்பு

சவரக்கத்தியையும் அலகையும் குடும்பத்தினருக்குள்ளும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. பயன்படுத்திய அலகைத் தாளில் சுற்றிக் குப்பையில் இடுவது துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளைக் காயப்படுத்தக்கூடும். மூடியில் சிறு பிளவு இட்ட தகரக் குவளையில் அலகுகளைச் சேர்த்து, நிரம்பியதும் பிளவை அடைத்துப் பழைய இரும்பு வாங்குவோரிடம், உள்ளிருப்பது அலகுகள் எனக் கூறிக் கொடுக்கலாம். அலகு முழுவதும் எஃகு என்பதால் அதனை உருக்கி மீண்டும் பயன்படுத்த இயலும்.