சினைப்பையின் கையிருப்பு

தூத்துக்குடியின் வடக்கே, உப்பளங்களை ஒட்டிக் கிடக்கிறது மாப்பிள்ளையூரணி. அதன் கிழக்கே விரியும் மன்னார் வளைகுடா, பழைய முத்துப்பார்களின் கடல். சலாபம் அறிவிக்கப்படுமுன் அங்கே ஒரு சோதனை நடப்பது வழக்கம். குளியாட்கள் பாரில் இறங்கி மாதிரிச் சிப்பிகளை அள்ளி வருவர். அவற்றை எண்ணி, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குத் தேறினால் குளிப்பு, தேறாவிட்டால் இல்லை. தூத்துக்குடிப் பார்களில் 1961க்குப் பின் சலாபம் நடக்கவில்லை. எண்ணிப் பார்த்து எதிர்காலம் சொல்லும் அந்த வழக்கம் மட்டும் வேறோர் இடத்தில் தொடர்கிறது.

பிள்ளைப்பேறு வேண்டிச் சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணிடம் இன்று முதலில் பார்க்கப்படுபவற்றுள் ஒன்று 'ஓவேரியன் ரிசர்வ்'. சினைப்பையில் எஞ்சியுள்ள கருமுட்டைகளின் இருப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். (சினைப்பெயர் என்றால் உறுப்பின் பெயர் என்று வகுப்பில் கற்பிக்கிறோம், மீன் முட்டையும் சினைதான்.) இருப்பு என்பது கடைக்காரரின் பேரேட்டுச் சொல். அது பெண்ணுடலுக்குள் புகுந்த வரலாறு நீண்டதன்று.

பிறந்த பின்னும் சினைப்பை புதிய முட்டைகளை ஆக்கிக்கொண்டே இருக்கிறது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் செல்வாக்கோடு இருந்தது. 1951இல் ஸோலி ஸக்கர்மான் சான்றுகளைத் தொகுத்து அதை மறுத்தார். 1963இல் பேக்கர் எண்ணியே காட்டினார். ஐந்து மாதக் கருவில் ஏறத்தாழ 70 லட்சமாக இருக்கும் முட்டைகள், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு லட்சமே மிஞ்சுகின்றன. அவற்றிலும் மாதந்தோறும் முதிர்ந்து வெளிப்படுபவை வாழ்நாளில் நானூறு அளவே. மழை பெய்தால் ஊரணி நிறையும்; இந்த ஊரணிக்கு இரண்டாவது மழை கிடையாது.

ஆயினும் எத்தனை மிச்சம் என்று உயிரோடிருக்கும் பெண்ணிடம் கேட்கவேண்டிய தேவை 1978க்குப் பின்னரே வலுத்தது. அவ்வாண்டு ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையிலிருந்து உருவான குழந்தை அவள். அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அவளுக்குக் காரணமான மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய வேறு வழியில் சென்றிருந்தார். ஹார்மோன் ஊசியால் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருவை உறையவைத்து, பிறிதொரு மாதச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் நடைமுறையிலிருப்பது பெரிதும் இவ்வழியே. மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட அவர் 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று பதிவாயிற்று. அதில் பங்குகொண்ட அறிவியலாளர் டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயவின் குறிப்புகளைப் படித்து, முதன்மை அவருக்கே உரியது என்று 1997இல் எழுதினார். தம் பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்த இச்செயலுக்கு அறிவியல் வரலாற்றில் இணைகள் குறைவு.

தூண்டினால் எத்தனை முட்டை வரும், எவ்வளவு மருந்து செலுத்த வேண்டும் என்னும் கேள்விகள் இங்கிருந்து எழுந்தவை. 1980களின் பிற்பகுதியில், மாதவிலக்கின் மூன்றாம் நாள் இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். அளவைப் பார்க்கத் தொடங்கினர். இருப்பு குறையக் குறைய மூளையடிச் சுரப்பி உரக்கக் கூவும். அந்த அளவு ஏறும். பின்னர் அல்ட்ராசவுண்டில் சிறு நுண்ணறைகளையே எண்ணலாயினர்.

இன்று பெரிதும் நம்பப்படும் ஏ.எம்.எச்.சின் கதை விசித்திரமானது. ஆண் கருவில் கருப்பை உருவாகாதபடி அதன் மூலக்குழாயை அழிக்கும் ஏதோவொரு சுரப்பு உண்டு என்று முயல்களில் ஆராய்ந்து 1947இல் சொன்னவர் ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட். கருப்பையை அழிப்பதாக அறியப்பட்ட அந்தப் பொருளைச் சினைப்பையின் சிறு நுண்ணறைகளும் சுரக்கின்றன எனப் பின்னர் தெரிந்தது. வயதேற அது குறைவதையும், அதன் அளவுக்கும் கிடைக்கும் முட்டைகளுக்கும் உள்ள தொடர்பையும் 2002இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்கப் பிறந்த எண் இது. குடும்பங்களில் இது மருத்துவத் தாளிலிருந்து இறங்கித் தீர்ப்பாகிவிடுகிறது. 'முட்டை இல்லையாம்' என்ற சொல், 'மலடி' என்ற பழைய சொல்லின் இருக்கையில் அமர்கிறது. 2017இல் அமெரிக்காவில், குழந்தையின்மை வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட 750 பெண்களை வைத்து நடந்த ஆய்வொன்று வெளியாயிற்று. ஏ.எம்.எச். குறைந்த பெண்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருவுற்றனர் என்பது அதன் முடிவு. எத்தனை சிப்பி என்பதை இந்த எண் சொல்லும். முத்தின் நீரோட்டத்தைச் சொல்லாது. முட்டையின் தரம் பெரிதும் வயதைச் சார்ந்தது. பதினைந்து முட்டை கிடைத்தும் கரு தங்காதவர் உண்டு. ஒன்றே கிடைத்துத் தாயானவரும் உண்டு.

சிப்பியைப் போலவே பெண்ணின் முட்டைக்கும் இப்போது சட்டம் எண்ணிக்கை விதித்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, முட்டைக் கொடையாளியின் வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் அவர் கொடுக்கலாம். எடுக்கக்கூடியது ஏழு முட்டைகள் மட்டுமே.