கையொப்பமும் உரிமையும்: கேம் கன்சோல்களின் பூட்டைத் திறப்பது பற்றிய ஓர் ஆய்வு

கேம் கன்சோல் முழுமையான ஒரு கணினி. செயலி, நினைவகம், சேமிப்பகம், இணைய இணைப்பு எல்லாம் அதில் உண்டு. இருந்தும், காசு கொடுத்து வாங்கியவர் தாம் எழுதிய பத்துவரி நிரலைக்கூட அதில் ஓட்ட முடியாது. தயாரித்த நிறுவனம் ஒப்புதல் அளித்த நிரலை மட்டுமே அது ஏற்கும். இந்தத் தடையை நீக்க முனைவோரின் நோக்கம் இருவகைப்படும். சொந்தமாக எழுதிய நிரலை ஓட்டுவது ஒன்று. இத்துறையினர் இதை ஹோம்புரூ என்பர். விளையாட்டின் நகலை ஓட்டுவது மற்றொன்று. ‘பேக்கப்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் இதற்குள், வாங்கிய வட்டுக்கு எடுத்த காப்பு நகலும் அடங்கும். வாங்காமலே இறக்கிய திருட்டு நகலும் அடங்கும்.

நிறுவனங்கள் இவை அனைத்தையும் ஒரே குற்றமாகப் பார்க்கின்றன. ஆர்வலர்களோ ஹோம்புரூவுக்கும் திருட்டு நகலுக்கும் தொடர்பே இல்லை என்கின்றனர். இரு நிலைப்பாடுகளும் பூட்டின் அமைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. கன்சோலின் பூட்டு நிறுவனத்தின் அனுமதியைச் சோதிக்கிறது. பயனரின் உரிமையைச் சோதிப்பதில்லை. அனுமதியற்றவை எல்லாம் அதன் முன் ஒன்றே. ஆகவே பூட்டைத் திறந்த செயலை மட்டும் வைத்துக் குற்றத்தை அளக்கும் சட்டம், பூட்டின் குருட்டுத்தன்மையைத் தானும் வாங்கிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பூட்டு எதைக் காத்தது?

நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் பூட்டுச் சில்லு கிடையாது. அதே ஆண்டு அமெரிக்க விளையாட்டுச் சந்தை, தரமற்ற கேம்கள் குவிந்து சரிந்தது. 1985-இல் அங்கு நுழைந்தபோது நிண்டெண்டோ தன் என்இஎஸ் கருவியிலும் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் ஒரு சில்லைப் பொருத்தியது. இரண்டும் ஒத்த குறியீட்டு வரிசையைப் பரிமாறிக்கொள்ளாவிட்டால் கருவி மீண்டும் மீண்டும் தொடக்கநிலைக்குத் திரும்பும். உரிமம் பெற்ற நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம் என்று விதித்தது. யார் வெளியிடலாம், எத்தனை வெளியிடலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரத்துக்கே அந்தப் பூட்டு அரணாக நின்றது.

தொடக்ககால வழக்குகளும் இதையே காட்டுகின்றன. அட்டாரி கேம்ஸ், பூட்டுச் சில்லின் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பொய்க் காரணம் கூறிப் பெற்றது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சேகாவுக்கும் அக்கொலேடுக்கும் இடையிலான வழக்கில், பொருந்தி இயங்கும் விளையாட்டை எழுதுவதற்காகப் பிறர் நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடு என்று மற்றொரு நீதிமன்றம் கூறியது. இரண்டிலும் எதிர்நின்றவர்கள் நகல் விற்றவர்கள் அல்லர். உரிமம் இல்லாமல் சொந்த விளையாட்டை விற்க விரும்பிய நிறுவனங்கள்.

1994-இல் வெளிவந்த சோனி பிளேஸ்டேஷன் கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக வட்டைப் பயன்படுத்தியதும் நகல் கவலை முன்னுக்கு வந்தது. அசல் வட்டின் தொடக்கப் பகுதியில் தடத்தின் மெல்லிய அசைவாக விற்பனைப் பகுதியைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் பதிந்திருந்தன. வீட்டில் வட்டெழுதும் கருவியால் அந்த அசைவை உண்டாக்க முடியாது. ‘மோட்சிப்’ என்ற சிறு சில்லு அதே எழுத்துகளைக் கன்சோலுக்குள் நேரடியாகச் செலுத்தியது. அதன்பின் ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டு அமெரிக்கக் கருவியில் ஓடியது. காப்பு நகலும் ஓடியது. திருட்டு நகலும் ஓடியது. மூன்றையும் பிரித்தறியும் வழி பூட்டில் தொடக்கத்திலிருந்தே இல்லை.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005-இல், ஸ்டீவன்ஸ் என்பவருக்கும் சோனிக்கும் இடையிலான வழக்கில் இந்த இடத்தையே பிடித்தது. சோனியின் பூட்டு நகலெடுப்பதைத் தடுப்பதில்லை. எடுத்த நகல் ஓடுவதைத்தான் தடுக்கிறது. எனவே அது அன்றைய சட்டம் சொன்ன ‘தொழில்நுட்பப் பாதுகாப்பு நடவடிக்கை’ ஆகாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவுடனான வணிக உடன்பாட்டின்படி 2006-இல் சட்டமே திருத்தப்பட்டது. ஆனால் நீதிமன்றம் காட்டிய தொழில்நுட்ப வேறுபாடு அதனால் மறைந்துவிடவில்லை.

2. திறந்தவர்கள் யார்?

எம்.ஐ.டி. ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங் 2002-இல், மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸின் இரு சில்லுகளுக்கு இடையே ஓடும் தரவுப் பாதையை ஒட்டுக்கேட்டு மறைத் திறவுகோலை எடுத்தார். திறந்த எக்ஸ்பாக்ஸில் லினக்ஸ் ஏறியது. அதற்கென ஆர்வலர்கள் எழுதிய ஊடக இயக்கி எக்ஸ்பிஎம்சி, பின்னர் ‘கோடி’ என்ற பெயரில் பல்வேறு கருவிகளுக்கும் பரவியது. நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் இம்மென்பொருள் பிறந்திருக்காது.

நிண்டெண்டோ வீயின் கதை பூட்டுக்குள் இருந்த கவனக்குறைவைக் காட்டுகிறது. ஒப்புதலுக்கு அடையாளமாக நிறுவனம் நிரலில் இட்ட கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது, இரு எண்வரிசைகளை எழுத்துச்சரங்களாகக் கருதி அது ஒப்பிட்டது. எழுத்துச்சரம் சுழியத்தில் முடிவதாகக் கணக்கு. ஆகவே இரண்டும் சுழியத்தில் தொடங்கினால் மேற்கொண்டு பார்க்காமலே ‘பொருந்துகிறது’ என்று சொல்லிவிடும். 2008-இல் வெளியான மற்றொரு வழி ‘செல்டா’ விளையாட்டின் வழியாகச் சென்றது. சேமிப்புக் கோப்பில் குதிரையின் பெயரை அளவுக்கு மீறி நீளமாக எழுதிவைத்தால், நினைவகம் நிரம்பி வழிந்து வெளியார் நிரல் ஓடத் தொடங்கும்.

திறப்பவரின் நோக்கத்தை ஆராயச் சிறந்த எடுத்துக்காட்டு பிளேஸ்டேஷன் 3. 2006-இல் வந்தபோது அதில் லினக்ஸ் நிறுவ சோனியே ‘அதர் ஓஎஸ்’ என்ற வசதியை வைத்திருந்தது. அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட கருவிகளை இணைத்து ஒரு மீக்கணினியே அமைத்தது. 2009-இல் வந்த மெலிந்த மாதிரியில் வசதி நீக்கப்பட்டது. 2010 ஜனவரியில் ஒருவர் அந்த லினக்ஸ் வழியாகவே உட்காப்பைத் துளைத்தார்; ஏப்ரல் 1 அன்று பழைய கருவிகளிலிருந்தும் சோனி வசதியைப் பறித்தது. ஆகஸ்டில் நகல் விளையாட்டுகளை ஓட்டும் யுஎஸ்பி கருவி விற்பனைக்கு வந்தது. டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் ‘ஃபெயில்ஓவர்ஃப்ளோ’ குழு அடிப்படைப் பிழையை வெளியிட்டது: ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்கவேண்டிய தற்செயல் எண்ணை சோனி மாற்றாமலே வைத்திருந்தது. அப்படியானால் இரண்டு கையொப்பங்கள் போதும். பள்ளி இயற்கணிதத்தால் இரகசியத் திறவுகோலைக் கண்டுபிடித்துவிடலாம்.

திறமைசாலிகள் பூட்டைத் திறப்பது லினக்ஸுக்காகவும் ஹோம்புரூவுக்காகவும். திருட்டு நகல் அவர்கள் பின்னால் வருகிறது. அவர்களுக்கு இடம் தந்ததால்தான் இக்கருவி இத்தனை காலம் தாங்கியது என்று அக்குழு வாதிட்டது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. முதல் துளை, பழைய கருவிகளில் வசதி நீடித்தபோதே விழுந்தது. யுஎஸ்பி கருவியை விற்றவர்களின் குறி வருமானம். மறுபுறம், 2016 முதல் யாரும் சிறு கட்டணத்தில் சொந்த நிரலை ஓட்ட இடம் தந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் நெடுங்காலம் உடைபடாமல் நின்றது. அதன் வன்பொருள் காப்பு மிக வலுவானது என்பதால் திறந்த வாசல் ஒன்றையே காரணமாகச் சொல்ல இயலாது. இவற்றிலிருந்து துணிந்து கூறக்கூடியது இதுதான்: முறையான வாசல் திருடரைத் தடுப்பதில்லை, திருடருக்கு அறிவு வழங்கக்கூடியவர்களின் தேவையைக் குறைக்கிறது.

3. ஒரு வலுவான மறுப்பு

ஒருமுறை திறந்த வழி எல்லோருக்கும் திறந்த வழி. எனவே நோக்கம் எதுவாயினும் திறப்பதையே தடுக்க வேண்டும் என்பது நிறுவனங்களின் தரப்பு. 2018-இல் நிண்டெண்டோ ஸ்விட்சில் தெரியவந்த பிழை இதற்குச் சான்று. அது செயலியின் மாற்றமுடியாத தொடக்க நினைவகத்தில் இருந்ததால், விற்றுப்போன கருவிகளில் எந்தப் புதுப்பிப்பாலும் திருத்த முடியவில்லை. ஆய்வாளர்கள் வெளிப்படையாக அறிவித்த அதே பிழையைக் கொண்டு ‘டீம் எக்ஸிக்யூட்டர்’ நகல் ஓட்டும் மென்பொருளை விலைக்கு விற்றது. அக்குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022-இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

இழப்பு உண்மையானது. ஆயினும் இவ்வழக்கே மறுப்புக்கு விடையும் தருகிறது. பிழையைக் கண்டறிந்து அறிவித்தவர்களும், அதை நகல் வணிகமாக்கியவர்களும் வேறு வேறு செயல்களைச் செய்தனர். விற்பனையையும் பரப்பலையும் தண்டிக்க முடியும் என்றால், திறப்பை முற்றாகத் தடைசெய்தே தீரவேண்டும் என்ற தேவை எழுவதில்லை.

4. மூன்று சட்டங்கள், மூன்று அளவுகோல்கள்

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அணுகலைத் தடுக்கும் பூட்டை மீறுவதையே குற்றமாக்கி, மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகளை வழங்குகிறது. 2021-இல் கன்சோல் பழுதுக்குக் கிடைத்த விலக்கு வட்டு இயக்கியை மாற்றுவதோடு நின்றது. 2024-இல் நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டக் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்காவில் வெளியான செவ்வியல் விளையாட்டுகளில் 87 விழுக்காடு கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யு கருவிகளின் இணையக் கடைகள் விற்பனையை நிறுத்தின. விற்பவரே இல்லாத படைப்பைக் காக்க முனைபவரும் அங்கு விதிவிலக்கு கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் நிண்டெண்டோ – பிசி பாக்ஸ் வழக்கில் இடைவழி கண்டது. பூட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்கவேண்டும். மீறும் கருவி நடைமுறையில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்றது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்தில் சேர்த்த 65அ பிரிவு, உரிமையை மீறும் உள்நோக்கத்தோடு பூட்டை மீறுவதையே தண்டிக்கிறது. இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 52-ஆம் பிரிவோ கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்பு நகல் எடுக்க இடமளிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சொந்த நிரலுக்காகத் திறப்பவரும் வாங்கிய விளையாட்டைக் காக்கத் திறப்பவரும் குற்றவாளி அல்லர் என்ற வாசிப்புக்கு இடமுண்டு. எனினும் இரண்டு ஓட்டைகள் உள்ளன. விளையாட்டு வெறும் நிரலன்று. இசை, ஓவியம், அசைபடம் கலந்த படைப்பு. நிரலுக்குத் தந்த காப்பு நகல் உரிமை இவற்றுக்கும் நீளுமா என்று சட்டம் சொல்லவில்லை. மேலும், சட்டத்துக்குட்பட்ட நோக்கத்துக்காகப் பிறர் பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்கிறது 65அ பிரிவு. கடைவைத்துப் பழுதுபார்ப்பவருக்கு இது இயலும். நிரலை உலகறிய வெளியிடும் ஆய்வாளருக்கு இயலாது.

முடிவுரை

பூட்டு உரிமையை அறியாது என்பதால் அதை அறியும் பொறுப்பு சட்டத்துக்கு வருகிறது. உள்நோக்கத்தை அளவுகோலாக்கிய இந்திய அணுகுமுறை அப்பொறுப்பை ஏற்கிறது. காப்பு நகல் உரிமையை முழு விளையாட்டுக்கும் விரித்து, ஆய்வு வெளியீட்டைப் பதிவேட்டு விதியிலிருந்து விலக்கினால் அது நிறைவுபெறும். நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. சொந்த நிரலுக்கென வரம்புடைய தனி வாசலை அவை திறந்துவைத்தால், எஞ்சிய பூட்டை மீறுவோரின் நோக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பதும் எளிதாகும். அந்த வாசலை மறுத்துவிட்டு, ஒரே துளையில் ஆய்வாளரும் திருடரும் நுழைகிறார்கள் என்று முறையிடும் நிறுவனம், தன் வடிவமைப்பின் விளைவைப் பிறர் குற்றமாகக் காட்டுகிறது.