புண்பட்ட நெஞ்சும் கலையும்



உடம்பில் புண் ஏற்பட்டால் மருந்திடுகிறோம், கட்டுப் போடுகிறோம். உள்ளத்தில் புண் ஏற்பட்டால் என்ன செய்கிறோம்? “மறந்துவிடு” என்று கூறிவிட்டுப் போகிறோம். மறப்பது அத்துணை எளிதாயின் உலகில் துயரம் என்பதே இராது. மறக்கவொண்ணாத துயரத்தை ஆற்றுதற்கு மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று கலை. பாட்டும் கூத்தும் ஓவியமும் இத்துறையில் எவ்வாறு பயன்பட்டு வந்தன என்பதை இன்று உங்களுக்குச் சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. புறநானூற்றின் 281-ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. அரசனைக் காத்து நின்று விழுப்புண் பட்ட வீரன் ஒருவன் வீட்டில் கிடக்கின்றான். அவனைப் பேணும் மகளிர் மனையில் வேப்பிலையைச் செருகுகின்றனர், வெண்சிறுகடுகைத் தூவுகின்றனர், நறும்புகை எடுக்கின்றனர். யாழும் பிற கருவிகளும் முழங்குகின்றன, குழல் ஒலிக்கின்றது, மணி அசைகின்றது, காஞ்சிப் பண் பாடப்படுகின்றது. பேய் அணுகாதிருக்கவே இவை செய்யப்பட்டன என்பர். அந்நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வலியோடு கிடப்பவன் தனித்து விடப்படவில்லை; அவனைச் சூழ இசை இருந்தது; இசையோடு மனிதர் இருந்தனர்.

நம் ஊர்ப்புறத்து ஒப்பாரியும் இத்தகையதே. எழுத்தறியாத மூதாட்டி தன் துயருக்குத் தானே சொல் கட்டுகின்றாள். சூழ்ந்திருக்கும் பெண்கள் அதனை ஏற்றுத் தொடர்கின்றனர். அழ இயலாமல் உறைந்திருப்பவளும் அப்பாட்டில் கரைந்து அழுகின்றாள். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை வைத்தவாறே அழுகையையும் வைத்தார். அதனை இழிவென்று ஒதுக்கவில்லை.

மேலை நாடுகளில் இம்முறை மருத்துவத்தைச் சார்ந்த தனித் துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1938-இல் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர் காசநோயுற்று மருத்துவ விடுதியில் இருந்தார். படுக்கையில் இருந்தவாறே படம் வரைந்தார். அதனால் தம் மனம் தெளிவுறுவதை உணர்ந்தார். பின்னர் உடனிருந்த நோயாளருக்கும், போரில் காயமுற்ற வீரருக்கும் ஓவியம் கற்பித்தார். ‘கலை மருத்துவம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1942-இல் வழங்கியவர் அவரே. அதே ஆண்டில் வாஷிங்டன் நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில் மரியன் சேஸ் என்னும் நடனக் கலைஞர் நோயாளரோடு ஆடத் தொடங்கினார். 1944-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசை மருத்துவம் ஒரு பட்டப்படிப்பாயிற்று.

நம் சென்னையில் மனநோயாளருக்கான காப்பகம் 1794-இல் தோன்றி, 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்டது. 1961-இல் அதன் தலைமையை ஏற்ற டாக்டர் சாரதா மேனன் அம்மையார், மருந்தோடு கைத்தொழிற் பயிற்சியும் நோயாளருக்கு வேண்டும் என்று கருதிச் செயலாற்றினார். கைக்கு ஒரு செயல் கிடைத்தால் மனத்துக்கும் ஒரு பிடி கிடைக்கும் என்ற உண்மை நம் நாட்டிலும் இவ்வாறு இடம் பெற்றது.

இனி, தமிழ் வழங்கும் நிலத்திலிருந்தே ஓர் அரிய எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். இலங்கையின் கீழ்க்கரையில் உள்ளது மட்டக்களப்பு. வாவியில் மீன் பாடும் ஊர் என்று புகழ் பெற்றது. அங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். இருவர் பேச்சும் தமிழே. 1990 ஆகஸ்டு மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. இந்நிலையில் வளர்ந்த பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்? அடுத்த ஊரான் என்றாலே அஞ்சுவார்கள். ஒரே மொழி பேசியும் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்.

அவ்வூரில் 1996-இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப் பெற்றது. அதனைத் தோற்றுவித்தவர் பால் ஹோகன் என்னும் கனடா நாட்டு ஓவியர். டொரான்டோ நகரில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒருங்கே கூடி விளையாடும் கலைத்தோட்டம் ஒன்றில் பணியாற்றியவர். அவரோடு இணைந்து நின்றவர் இயேசு சபைத் துறவியும் உளவள ஆலோசகருமான பால் சற்குணநாயகம் அடிகளார்.

தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், முகமூடி செய்தனர், கதை கட்டினர், கட்டிய கதையை நாடகமாக ஆடினர். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, “உனக்கு நேர்ந்ததைச் சொல்” என்ற வற்புறுத்தலும் இல்லை. அரசனும் அரக்கனும் குரங்கும் வரும் கதைக்குள் தன் அச்சத்தையும் ஒரு பாத்திரமாக்கி நடமாடவிடப் பிள்ளைக்கு இடம் இருந்தது.

அப்பூங்கா போரை நிறுத்தியதா? இல்லை, போர் 2009 வரை நீண்டது. இறந்தவர் எவரையும் அது மீட்டுத் தரவில்லை. எனினும், பகைவர் என்று கேள்விப்பட்டிருந்தவரின் பிள்ளையோடு சேர்ந்து மண் பிசையும் வாய்ப்பை அது தந்தது. அதனைச் சிறு செயல் என்று எண்ணாதீர்கள்.

கலை எவ்வாறு மனத்தை ஆற்றுகிறது? துயரம் நெஞ்சுக்குள் இருக்கும்வரை நாம் அதனுள் அகப்பட்டிருக்கிறோம். அதனையே தாளிலோ மண்ணிலோ பாட்டிலோ உருவாக்கி எதிரே வைத்துவிட்டால், நாம் அதனைப் பார்ப்பவர் ஆகிறோம். பிறருக்குக் காட்டவும் சிறிது மாற்றவும் வல்லவர் ஆகிறோம்.

இதனை என் ஊரிலேயே கண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் நான் வாழும் பேத்துப்பாறை, கொடைக்கானலுக்கு அருகே பழனி மலையில் உள்ள சிற்றூர். காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் வருவது இங்கே புதிதன்று. யானை வந்துபோன மறுநாள் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகளிடம் தாளும் வண்ணக்கோலும் கொடுப்பேன். இன்னதை வரை என்று சொல்வதில்லை. முதல் நாள் தாள் முழுவதும் யானையே நிற்கும்; வீடு மூலையில் தீப்பெட்டி போல் கிடக்கும். சில நாள் சென்றபின் யானை சிறுத்துவிடும், வீட்டில் விளக்கெரியும், வாசலில் தந்தையார் டார்ச் விளக்கோடு நிற்பார். ஒரு சிறுமி யானையின் அருகே குட்டி ஒன்றையும் வரைந்து, “பாவம் ஐயா, அதுக்கும் பசி” என்றாள். அச்சம் அடியோடு போயிற்றா என்றால், போகவில்லை, போகவும் கூடாது. யானைக்கு அஞ்சுவது அறிவுடைமை. அச்சம் தன் அளவில் நின்றது, அவ்வளவே.

நான் செய்தது மருத்துவம் அன்று. கலைவழி மருத்துவம் என்பது அதற்கெனப் பயின்றவர் செய்வது. எதனைத் தூண்டலாம், எதனைத் தூண்டலாகாது என்பதை அவர் அறிவார். பிள்ளையின் படத்தை ஊரார்க்குக் காட்டமாட்டார். ஒரு கறுப்புச் சூரியனைக் கண்டவுடனே, “இவனுக்கு இன்ன நோய்” என்று தீர்ப்புக் கூறமாட்டார். உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் வண்ணக்கோல் மட்டும் போதாது. மருத்துவரை நாட வேண்டும். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்னும் உதவியை 2022 முதல் இந்திய அரசு கட்டணமின்றி நடத்தி வருகிறது. அதனை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேர்வு நெருங்கும்போது பள்ளிகளில் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பும் பாட்டு வகுப்புமே. கணக்குக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது என்று மகிழ்கிறோம். வாய் திறந்து தன் துயரைக் கூற இயலாத பிள்ளை ஒன்று அவ்வகுப்பில் இருந்தால், அதற்கு நாம் அடைத்தது எந்தக் கதவு என்பதை எண்ணுவதில்லை. மாணவர்களே, உங்களுள் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காத்துக் கொடுங்கள். அவர்கள் வரைவது அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. அருகே அமர்ந்து பார்ப்பவர் ஒருவர் இருந்தால் போதும்.